பந்து வீசினால் கல்லூரி

அமெரிக்காவில் பதினோராம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் சில ஆயிரம் பெண்களுக்கு செப்டம்பர் 1 என்பது பரீட்சை முடிவு வெளியாகும் நாள் மாதிரி. அன்று முதல்தான் பல்கலைக்கழக சாஃப்ட்பால் பயிற்சியாளர்கள் அவர்களோடு பேசலாம் என்பது விதி. சிலருக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததுமே தொலைபேசி ஒலிக்கிறது. பலருக்கு விடிந்த பிறகும் ஒலிப்பதில்லை. ஒலிக்காத வீடுகளில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள்: எத்தனை வருடம், எத்தனை ஊர், எவ்வளவு டாலர்?

சாஃப்ட்பால், பேஸ்பாலின் தங்கை. 1887இல் சிகாகோ படகு கிளப் ஒன்றின் கூடத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கிக் கழியால் அடித்து ஆடியதில் பிறந்தது. பெயரில்தான் மென்மை. கல்லூரி ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்தில் நின்று, கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகிலிருந்து பந்தை விடுகிறார். மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் அந்தப் பந்தை அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அரை விநாடிகூடக் கிடைக்காது.

இந்த ஆட்டத்துக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் முடிச்சுப் போட்டது ஒரு சட்டம். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த 'டைட்டில் நைன்'. அமெரிக்கக் கால்பந்துக்காகப் பெரும் ஆண்கள் பட்டாளத்தையே வைத்திருந்த பல்கலைக்கழகங்கள், தராசின் மறு தட்டில் பெண்கள் அணிகளை ஏற்ற வேண்டியிருந்தது. சாஃப்ட்பால் வசதியாக அமைந்தது. 1982இல் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. தன் முதல் மகளிர் சாஃப்ட்பால் சாம்பியன் போட்டியை நடத்தியது. இன்று ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் இறுதி ஆட்டங்களைப் பார்க்க 12,000 பேருக்கு மேல் திரள்கிறார்கள்.

அங்கே போய்ச் சேரும் பாதை பள்ளி மைதானத்தில் தொடங்குவதில்லை. பள்ளி ஆட்டம் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆளெடுக்கும் பயிற்சியாளர்கள் கண் வைப்பது ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் கிளப் அணிகளின் மீதுதான். 10, 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். கோடை முழுவதும் வார இறுதிகளில் பந்தயம். கலிபோர்னியா, கொலராடோ என்று பெரிய போட்டிகளுக்குக் குடும்பமே பெட்டி கட்டுகிறது. கிளப் கட்டணம், பந்தயக் கட்டணம், தனிப் பயிற்சியாளருக்குத் தனி, நல்ல பேட் ஒன்றுக்கு 300 டாலருக்கு மேல். நாங்கள் சொல்லும் ஹோட்டலில் தங்கினால்தான் ஆடலாம் என்று நிபந்தனை போடும் போட்டிகளும் உண்டு. ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கரைகிறது. நம்மூரில் பிளஸ் டூ கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்கும் பெற்றோருக்கு இந்த மனநிலை அந்நியமானதல்ல.

மைதானத்தில் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் பல்கலைக்கழக முத்திரை போட்ட சட்டைகள். வேகமானியும் குறிப்பேடும் கையில். பந்தின் வேகம், அடித்தவள் முதல் பேஸை எட்டும் நேரம், கேட்சர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய ஆகும் நேரம் எல்லாம் பதிவாகின்றன. உரிய காலம் வரும்வரை அவர்கள் பார்க்கலாம், பேசக் கூடாது. பெண்ணோ வீடியோவும் மதிப்பெண் பட்டியலும் இணைத்து மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்புகிறாள். அதே பயிற்சியாளர் நடத்தும் முகாமில் கட்டணம் கட்டிச் சேரலாம். அங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். சேர்க்கையைப் பற்றிப் பேசக் கூடாது.

இந்த மௌன விரதம் 2018இல் வந்தது. அதற்கு முந்தைய நிலைமை வினோதமானது. பயிற்சியாளர் மாணவியை அழைக்கக் கூடாது; மாணவி அவரை அழைத்தால் பேசலாம். எனவே 'இத்தனை மணிக்கு அந்தப் பெண்ணை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்' என்று கிளப் பயிற்சியாளருக்குத் தகவல் போகும். எட்டாம் வகுப்புச் சிறுமிகள், சில சமயம் ஏழாம் வகுப்பினர்கூட, இன்ன பல்கலைக்கழகத்தில் சேர்வதாக வாய்மொழி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் பன்னிரண்டாம் வகுப்பில்தான். இடையிலுள்ள நான்கைந்து ஆண்டுகளில் எதுவும் நடக்கலாம். பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போகலாம், பெண் எதிர்பார்த்தபடி வளராமல் போகலாம், முழங்கால் முறியலாம். சொன்ன சொல்லுக்கு இரு பக்கமும் சட்டக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சொல் முறிந்தால் இழப்பு யாருக்கு என்பதில் சந்தேகமும் இல்லை.

பரிசின் அளவையும் பார்க்க வேண்டும். பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம். என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிகளில் இருப்பவர்கள் சுமார் 21,000. அவர்களிலும் எல்லோருக்கும் உதவித்தொகை கிடையாது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு டாலரும் தருவதில்லை. இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 7.2 உதவித்தொகைதான் உச்சவரம்பு. முதல் பிரிவிலேயே பல ஆண்டுகளாக இருந்த வரம்பு 12. இருபது பேர் கொண்ட அணியில் அதைப் பிய்த்துப் பிய்த்துத்தான் கொடுத்தார்கள். 'ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறாள்' என்று பெருமையோடு சொல்லப்பட்டவர்களில் பலர், பாதியோ கால்வாசியோ பெற்றவர்கள்.

உடம்பு கொடுக்கும் விலை தனி. கீழிருந்து வீசுவது இயல்பான அசைவு, கைக்கு ஒன்றும் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. வேகமாகக் கை சுழலும்போது தோளில் விழும் சுமை பேஸ்பால் வீச்சுக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் நல்ல பிட்சர் ஒருத்தி இருந்தால் ஒரே வார இறுதியில் மூன்று, நான்கு ஆட்டங்களை அவள் தலையில் கட்டுவது இன்னும் சகஜம்.

இப்போது சந்தையே இடம் மாறியிருக்கிறது. கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுவது எளிதாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் விற்கலாம். நைஜாரி கனடி 2024இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சாஸ் டெக்குக்கு மாறியபோது பேசப்பட்ட தொகை பத்து லட்சம் டாலருக்கு மேல். மறு ஆண்டே அவரது அணி இறுதிப் போட்டியை எட்டியது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, அதில் சேரும் கல்லூரிகளுக்கு 12 என்ற வரம்பு இல்லை. 25 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். ஆனால் 25 பேருக்கு மேல் அணியில் வைத்துக்கொள்ளக் கூடாது. தேறிய 21 வயதுக்காரி கிடைக்கும்போது, தேறுவாளா என்று தெரியாத 17 வயதுக்காரிக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் யோசிப்பது இயற்கை. மேலே பணம் கூடியிருக்கிறது. கீழே வாசல் குறுகியிருக்கிறது.

செலவழித்ததை வங்கியில் போட்டிருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் பாதியாவது தேறியிருக்கும் என்று சொல்வது எளிது. ஆனால் மகள் பந்தைக் கையில் எடுத்தபோது முகத்தில் தெரிந்த வெளிச்சத்துக்காகத்தான் பல பெற்றோர் முதலில் காரைக் கிளப்பினார்கள். தோழமை, தோற்றுப் பழகும் பக்குவம், விடியலில் எழும் ஒழுங்கு எல்லாம் அவளுக்குக் கிடைத்த உண்மையான லாபங்கள். அவற்றுக்காக ஆடினால் நஷ்டமில்லை. கல்லூரிக்கான முதலீடு என்று ஆடினால்தான் கணக்கு உதைக்கிறது. இந்தச் சந்தையில் ஹோட்டல்காரர், போட்டி நடத்துபவர், பேட் விற்பவர், தனிப் பயிற்சியாளர் எல்லோருக்கும் காசு முன்கூட்டியே வந்துவிடுகிறது. பந்து வீசும் பெண்ணின் பங்கு மட்டும்தான் கடைசிவரை பாக்கியில் நிற்கிறது.