மின்சாரம் ஊருக்கு, நஷ்டம் மீனவருக்கா?

கீழ்பென்னாத்தூரில் அனல்மின் நிலையம் கிடையாது. ஏரி நிரம்பினால் கெண்டையும் கெளுத்தியும் விராலும் கிடைக்கும். தூண்டிலோடு கரையில் உட்காருபவருக்கு மழை வருமா என்பதுதான் கவலை. ஆனாலும் அங்கே எரியும் விளக்குக்கும் எண்ணூர் மீனவரின் காலி வலைக்கும் தொடர்பு உண்டு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் மின்சாரம் சென்னைக்கு மட்டும் போவதில்லை, தமிழகம் முழுவதற்குமான மின்தொகுப்பில்தான் சேர்கிறது.

அனல்மின் நிலையத்தால் மீன் எப்படிக் குறைகிறது? மூன்று வழிகளில்.

முதலாவது, உறிஞ்சும் நீர். டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். அதை இழுக்கும்போது மீன் முட்டைகளும் குஞ்சுகளும் சேர்ந்து உள்ளே போய் அழிகின்றன.

இரண்டாவது, சூடு. நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் சுமார் 7 தான். சூட்டில் மீனுக்கு அதிக ஆக்சிஜன் தேவை, தண்ணீரிலோ அது குறைவு! அமெரிக்காவில் குளிர்காலத்தில் வெந்நீர் விழும் இடத்தில் மீன் கூடும், தூண்டில்காரர்களும் கூடுவார்கள். ஆனால் நம் ஊரில் தண்ணீர் ஏற்கெனவே சூடுதானே?

மூன்றாவது, சாம்பல். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். எண்ணூர்ப் பகுதியில் அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கொட்டிய சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. இறாலும் நண்டும் மடவையும் வளர்ந்த சேறு சாம்பலுக்கு அடியில் போனது.

காட்டுக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையம் தொடர்ந்து இயங்கியது. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, சீரமைக்க உத்தரவிட்டது.

"அப்படியானால் கரண்ட் வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால் நிலக்கரி விலை, இயந்திரத்தின் விலை, ஊழியர் சம்பளம் எல்லாம் மின் கட்டணக் கணக்கில் வருகின்றன. மீனவர் இழந்த வருமானம் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதனால்தான் அனல்மின்சாரம் மலிவாகத் தெரிகிறது. உண்மையில் அந்த மலிவுக்கு மானியம் கொடுப்பவர் மீனவர்!

நல்ல குழாய், குளிர்விப்பு கோபுரம், சாம்பலை உலர்வாக எடுத்து சிமென்ட் ஆலைக்குத் தருவது, ஆற்றைத் தூர்வாருவது, மீனவருக்கு இழப்பீடு... இவை எல்லாமே மின் உற்பத்திச் செலவுதான். அதற்காக யூனிட்டுக்குச் சில பைசா கூடினால், கீழ்பென்னாத்தூர் உட்பட எல்லா ஊரும் பங்கு போட்டுக் கொடுப்பதே நியாயம். வெளிச்சம் எல்லோருக்கும் பொது என்றால் செலவும் பொதுதானே?