ஆபரேஷன் முடிந்தும் நெஞ்செரிச்சலா? மாத்திரைக்கு முன் ஒரு டெஸ்ட் அவசியம்!

‘ஆபரேஷன் பண்ணியாச்சு, அப்புறமும் ஏன் எரியுது?’ எதுக்களித்தலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர், சில வருடங்கள் கழித்து டாக்டரிடம் கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் கிடைக்கும் பதில், பழைய கேஸ் மாத்திரைதான். ஆனால், அந்தப் பதில் போதாது.

என்ன ஆபரேஷன் இது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வால்வு போல வேலை செய்யும் தசை தளர்ந்தால், அமிலம் மேலே ஏறும். இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் மஃப்ளர் போலச் சுற்றித் தைத்து அதைத் தடுப்பார்கள். இதுதான் ‘ஃபண்டோப்ளிகேஷன்’. ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற மருத்துவர் 1950-களில் கொண்டுவந்த முறை. இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள்.

எத்தனை பேருக்குத் திரும்ப வருகிறது?

ஸ்வீடனில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 2,655 பேரை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 17.7 சதவீதம் பேருக்குப் பிரச்னை திரும்பியதாகக் கணக்கிட்டார்கள். பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் பலன் தந்திருக்கிறது என்பது நல்ல செய்திதான்.

ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நீண்டகாலம் மாத்திரை எடுத்தாலோ, மறுபடி ஆபரேஷன் செய்தாலோ, அதையே ‘திரும்பிவிட்டது’ என்று இந்த ஆய்வு எடுத்துக்கொண்டது. மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் அமிலம் மேலே ஏறுகிறதா? அது தனிக் கேள்வி.

எரிந்தாலே அமிலமா?

இல்லை. அமெரிக்காவில் மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சலுடன் வந்த 366 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. இவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்கள். மாத்திரையை முறையாகச் சாப்பிட வைத்ததுமே 42 பேருக்கு எரிச்சல் குறைந்தது. 99 பேருக்கு இருந்தது எதுக்களித்தலே இல்லை; உணவுக்குழாயின் உணர்வு நரம்புகள் தொடர்பான ‘ஃபங்ஷனல்’ நெஞ்செரிச்சல். எரிச்சல் நிஜம்தான், காரணம்தான் வேறு.

ஆபரேஷனுக்குப் பிறகும் இதே குழப்பம் வரலாம். தையல் தளர்ந்திருக்கலாம், சுற்றிய பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள் நழுவியிருக்கலாம். அல்லது ஆபரேஷன் கச்சிதமாக இருந்து, நரம்பு மட்டும் தொந்தரவு செய்யலாம். இந்தக் கடைசி வகையில், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எத்தனை வருடம் விழுங்கினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. இரண்டாவது ஆபரேஷனும் வீண். அது முதலாவதைவிடச் சிக்கலானதும்கூட.

என்ன செய்யணும்?

எண்டோஸ்கோபி, பேரியம் எக்ஸ்ரே மூலம் தைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமில அளவைப் பதிவு செய்யும் டெஸ்ட்டும் இருக்கிறது. ஒருநாள் அசௌகரியம்தான், ஆனால் பல வருட மாத்திரையா, மறுபடி கத்தியா என்ற கேள்விக்கு அதுதான் ஆதாரம் தரும்.

மருத்துவர்கள் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. ‘இதோட எல்லாம் சரியாகிடும்’ என்று சொல்லி ஆபரேஷனுக்கு அனுப்பாமல், திரும்ப வர வாய்ப்புண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதுதான் உண்மையான சம்மதம்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடை குறைவு, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது இருந்தால் காத்திருக்கவே கூடாது. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அது கேஸ் என்று தள்ளிப்போடாமல் உடனே இதயத்தைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘அமிலம் ஏறுதான்னு அளந்து பார்த்தாச்சா?’