வைத்தியசாலை வாசலுக்கு வெளியே

2024 ஜூலை மாதத் தொடக்கத்தில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு முன்னால் தென்மராட்சி மக்கள் திரண்டு நின்றார்கள். நகரில் கடைகள் பூட்டப்பட்டன. புதிதாகப் பொறுப்பேற்ற பதில் அத்தியட்சகர் வைத்தியசாலையின் குறைகளைப் பகிரங்கமாகப் பேசியதும், அதையொட்டி வைத்தியர்களுக்கிடையே எழுந்த பிணக்கும் நாடறிந்த கதை. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நடந்த தேர்தலில் அவர் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அந்தப் பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே எடுத்துப் பேசப்போவதில்லை. அதைவிடப் பெரிய விடயம் ஒன்று அன்று வெளிப்பட்டது. தங்கள் வைத்தியசாலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, ஏன் இல்லை என்று ஒரு வைத்தியர் வாய்திறந்து சொல்வதைக் கேட்க இந்த மக்கள் எவ்வளவு காலமாகக் காத்திருந்தார்கள் என்பதே அது. சண்டை வந்தால்தான் வைத்தியர் ஊரோடு பேசுவார் என்ற நிலை நல்லதல்ல. மருந்து எழுதுவது எப்படி அவருடைய தொழிலோ, ஊரோடு பேசுவதும் ஊருக்காகப் பேசுவதும் அதே தொழிலின் பகுதி. சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கில் எடுக்கப்படவேண்டிய பகுதி.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய எண்ணமல்ல. 1847இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நோயாளரைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் இருந்துவிடவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதைக் கண்டு, 1864இலிருந்து தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவர் தமிழ்க் கிராமத்தில் நிற்பார் என்பது அவருடைய கணக்கு. 1873இல் அவர் நாடு திரும்பும்போது அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் உருவாகியிருந்தார்கள். அவருடைய முயற்சியால் ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ போன்ற நூல்கள் தமிழில் எழுந்தன. கிறீன் மானிப்பாயில் காலூன்றிய அதே 1848இல், ஜெர்மனியின் ருடோல்ஃப் விர்ஹோ மேல் சிலேசியா மாவட்டத்தில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்றார். அவர் கொண்டுவந்த அறிக்கை மருந்துப் பட்டியலாக இருக்கவில்லை. அங்குள்ள போலந்து மக்களுக்குக் கல்வி வேண்டும், அவர்களுடைய மொழிக்கு இடம் வேண்டும், தங்களைத் தாங்களே ஆளும் உரிமை வேண்டும் என்று எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாத இந்த இரண்டு வைத்தியர்களும் நோயைத் துரத்திப்போய் மொழியில் வந்து நின்றார்கள். நோயாளிக்கு விளங்காத மொழியில் இருக்கும் வைத்தியம் பாதி வைத்தியம்தான். யாழ் மருத்துவபீடத்தின் சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்த சி. சிவஞானசுந்தரம், ‘நந்தி’ என்ற பெயரில் ‘மலைக்கொழுந்து’ நாவலையும் எளிய தமிழில் சுகாதார நூல்களையும் எழுதியதற்கும் இந்த உணர்வே காரணமாக இருந்திருக்கவேண்டும்.

பழங்கதை போதும். அண்மையில் நடந்ததைப் பார்ப்போம். 2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையின் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவிச் சிலரின் உயிரைக் குடித்தது. இன்ன காய்ச்சல் என்று தெரியாமல் முதலில் ஊர் மிரண்டது. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. இந்த நோய் வரும் வழியை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளம் வயலில் தேங்குகிறது. வரம்பு வெட்ட இறங்கியவரின் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், அல்லது மண்வெட்டி பட்ட சிறு கீறல். கிருமி உள்ளே போக அவ்வளவு போதும். சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு. வயல் வேலை செய்த உடம்பு உளையத்தானே செய்யும் என்று அவர் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுக்கிறார். சிறுநீரகமோ நுரையீரலோ பாதிக்கப்பட்ட பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், எவ்வளவு கெட்டிக்கார வைத்தியருக்கும் அது கடினமான போராட்டம். இதைத் தடுக்க வயலில் இறங்கும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை டொக்ஸிசைக்கிளின் எடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் காய்ச்சல் இல்லாத மனிதன் ஏன் குளிசை விழுங்கவேண்டும் என்று யாராவது அவருக்கு நம்பும்படி சொல்லவேண்டும். துண்டுப்பிரசுரம் அதைச் செய்யாது. வரணியிலோ மிருசுவிலிலோ உள்ள சனசமூக நிலையத்தின் வாங்கில் வந்து உட்கார்ந்து, அவருடைய எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லும் வைத்தியர் செய்வார்.

வைத்தியர்களுக்கு அதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநோயாளர் பிரிவில் விடியமுன்னரே வரிசை தொடங்கிவிடுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் தலையில் இரட்டைச் சுமை. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கே நிற்கத் தேவையில்லாதவர்கள்? நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் முற்றிப்போய் வருகிறவர்களைப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஊருக்குள் செலவிடும் ஒரு மாலை, வரிசையில் பல காலைகளை மிச்சப்படுத்தும். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியவர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். அன்றிலிருந்து வீடு வீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இல்லாமல், 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் இலங்கைக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கட்டமைப்பு நம் கையில் இருக்கிறது. சிகிச்சை செய்யும் வைத்தியர்களும் அதனோடு வந்து சேரவேண்டும் என்பதே கோரிக்கை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பொதுவெளியில் பேசும் வைத்தியர் அரசியலுக்குள் இழுபடுவார். அரச உத்தியோகத்தர் ஊடகங்களோடு பேசுவதற்கு தாபன விதிக்கோவை கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அதற்கும் மேலாக, இந்த மண்ணில் பேசியவர்கள் கொடுத்த விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். யாழ் மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நினைவு உள்ள சமூகத்தில் துணிந்து பேசுங்கள் என்று வெறுமனே சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆகவே தனியாளின் துணிச்சலை நம்பி இதை நடத்தமுடியாது; எண்களும் ஏடுகளும் பேசவேண்டும், நிறுவனமாகப் பேசவேண்டும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2015 செப்டெம்பரில் குழந்தைகள் வைத்தியர் மோனா ஹன்னா-அட்டிஷா, வைத்தியசாலைப் பதிவேடுகளை ஒப்பிட்டு, நகரின் குடிநீர் எடுக்கும் இடம் மாற்றப்பட்ட பிறகு பிள்ளைகளின் குருதியில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், அவரையே குறை சொன்னார்கள். பிறகு அவருடைய எண்களை ஏற்க நேர்ந்தது. குரலை உயர்த்தி அவர் அதைச் சாதிக்கவில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தை மறக்காத யாழ்ப்பாணத்தவருக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்.

வைத்தியர் ஊரோடு பேசும் இந்த வழக்கத்தைத் தொடங்கக் கொடிகாமத்தைவிடப் பொருத்தமான இடம் தென்மராட்சியில் இல்லை. ஏ9 வீதியும் பருத்தித்துறை வீதியும் சந்திக்கும் இடம்; மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் கொண்டு சுற்றுக் கிராமங்கள் கூடும் சந்தை. மாதத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம் ஒரு வைத்தியர் பேசட்டும், ஒரு மணி நேரம் ஊர் கேட்கட்டும். கடந்த மாதம் எந்த நோய் எந்தக் கிராமத்தில் கூடியது, எந்த மருந்து தட்டுப்பாடு, எதற்காகப் பிரதேச சபையிடமும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் ஊர் கேட்கவேண்டும் என்பது அங்கே பேசப்படட்டும். அந்த மாலையைக் கடமை நேரமாகத் திணைக்களம் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அப்படி அறிவித்தால் பேசுகிற வைத்தியருக்கும் அது காப்பு. அழைப்பு மட்டும் நம் பக்கமிருந்து போகவேண்டும். ஐப்பசி மழை தொடங்கி வயலில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால், உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயரில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.