யாருக்காக இந்தப் பரிசோதனை?

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்தில், மாலை வேளையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்போர் இக்காட்சியை நன்கறிவர். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை செல்லும் 100ஆம் இலக்க பஸ், மிதிபலகையிலும் மனிதர் தொங்க, கரும்புகை கக்கி முனகிக்கொண்டு வருகிறது. அதன் பின்னே, பந்தயக் காரின் வார்ப்பில் அமைந்த புத்தம் புதிய கார் ஒன்று பொறுமையிழந்து உறுமுகிறது. அண்மையில் என்னருகே நின்ற உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அக்காரைக் கண்டு, "சேர், இதை முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு வேகமாக ஓட்டக்கூடாதாம். எஞ்சின் பழக வேண்டுமாம்" என்றான். அவனது வியப்பிலே தவறில்லை. ஆனால் அவ்வியப்பிலிருந்து பிறக்க வேண்டிய வினா ஒன்றுண்டு. அதனை எழுப்புவதே என் நோக்கம்.

எஞ்சின் 'பழகுதல்' என்பது யாது? புதிய எஞ்சினின் சிலிண்டர்ச் சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், உண்மையில் எண்ணெய் தங்கி நிற்பதற்கென நுண்ணிய குறுக்குக் கோடுகள் கீறப்பட்ட பரப்பாகும். பிஸ்டனைச் சூழ்ந்த வளையங்கள் அச்சுவரோடு உராய்ந்து, நுண்மேடுகள் தேய்ந்து, இரண்டும் இசைந்த பின்னரே வாயு கசியாது அடைபடும். அதுவரை எஞ்சினை உச்ச வேகத்தில் விரட்டுதல் தகாது; ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுதலும் தகாது. ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் முதல் 3,000 கிலோமீற்றர்வரை நிதானம் வேண்டுமென அறிவுறுத்தி வந்துள்ளது. நம் கராஜ்காரர் இதனை 'றனிங் இன்' என்பர்.

கார் வாங்குபவன் காட்டும் இந்நிதானம், பிறர் முன்னரே செய்து முடித்த பெரும் உழைப்பின் வால் நுனி மட்டுமே. தொழிற்சாலையிலே எஞ்சினை முதலில் எரிபொருளின்றி மின்மோட்டாரினாற் சுழற்றி, எண்ணெய் அழுத்தத்தையும் அடைப்பையும் அளக்கின்றனர். பின்னர் பரிசோதனை மேடையில் ஏற்றி, எரிபொருள் ஊட்டி, அதன் வலுவைக் கணிக்கின்றனர். முடிவில் தேர்ந்த சாரதி ஒருவர் காரை ஓட்டிப் பார்க்கிறார். இத்தாலியின் பெராரி நிறுவனம் இத்தகைய சோதனைகளுக்கென்றே 1972இல் பியொரானோவில் சொந்த ஓடுபாதை ஒன்றை அமைத்தது. 1963இல் கார்த் தொழிற்சாலை கண்ட லம்போர்கினியோ, அதற்கு முன்னர் உழவு இயந்திரம் செய்தவர். அவரது தொழிற்சாலையிலே 1968இல் தொழில் பயிலுநராகச் சேர்ந்த வலண்டினோ பல்போனி, பின்னர் அதன் தலைமைச் சோதனைச் சாரதியானார். 2009இல் அந்நிறுவனம் ஒரு காருக்கே அவர் பெயரைச் சூட்டியது. செல்வர் வீட்டு முற்றத்தில் நிற்கும் அக்காரின் பெருமை அதனை வாங்கியவனுடையதன்று. ஒரு தொழிலாளியின் செவியும் கையும் தேடித் தந்த பெருமை என்பது மனங்கொளத்தக்கது.

ஆகவே நான் இயந்திரத்தின் பகைவனல்லன். ஒரு பண்டத்தை மனிதனிடம் ஒப்படைக்குமுன் அதன் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து, அதற்குப் பொறுப்பேற்பது மனித நாகரிகத்தின் உயர்ந்த சாதனை. என் வினா ஒன்றே: அந்தச் சாதனை யாருக்காக?

இருவர் அமரும் வண்டிக்கு இத்தனை பரிசோதனை. ஐம்பது பேர் அமர்ந்தும் அதற்கு மேற்பட்டோர் நின்றும் செல்லும் வண்டிக்கோ, லொறிக்கென அமைந்த அடிச்சட்டத்தின் மேல் கட்டிய உடல். பஞ்சிகாவத்தைக் கடைகளிலே தேடிப் பொறுக்கிய பழைய உதிரிப்பாகம். ஆண்டுக்கொரு முறை பெறும் தகுதிச் சான்றிதழ் உண்டு என்பர். உண்டுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பாடசாலை செல்லும் எனக்கு, அச்சான்றிதழ் பெற்ற வண்டியின் உடைந்த மிதிபலகையும், தேய்ந்து வழவழத்த ரயரும் நாள்தோறும் தரிசனமாகின்றன. 2025 மே 11ஆம் நாள் கொத்மலை, கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் எல்ல – வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து பதினைவர் மாண்டனர். ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் தீர்ப்பது விசாரணையாளர் கடமை. ஆயினும் மலைச்சரிவில் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, கடற்கரைச் சாலையில் உலா வரும் காருக்குரிய சோதனையிற் பாதியேனும் வேண்டாமா என்று கேட்பது நம் கடமை.

"அவன் தன் பணத்தில் வாங்குகிறான், உமக்கேன் வயிற்றெரிச்சல்?" என்று நண்பர் சிலர் கேட்பர். ரூபாய் அவனுடையதாகலாம், டொலர் அவனுடையதன்று. கொழுந்து பறிப்பவளும், கட்டுநாயக்காவில் ஆடை தைப்பவளும், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்பவளும் ஈட்டிய அந்நியச் செலாவணியிலேயே அக்கார் கப்பலேறி வருகிறது. இதனை அரசே ஒப்புக்கொண்டது. செலாவணியைக் காக்கவே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடையில், 2022இல், எரிபொருள் வரிசையிலே நின்று மாண்டவர்களை நாம் மறந்துவிட்டோமா? பாடசாலைகள் மூடிக் கிடந்ததை ஆசிரியராகிய நாம் மறக்கலாமா?

"வேகம் அறிவை வளர்க்கும்" என்பார் வேறு சிலர். நமது அதிவேக நெடுஞ்சாலையின் எல்லையே மணிக்கு 100 கிலோமீற்றர். அதன் மும்மடங்கு வேகத்தை இறக்குமதி செய்வதால் வளரும் அறிவு யாது? அறிவு வாங்குவதில் வளர்வதன்று, செய்வதில் வளர்வது. அதற்குச் சான்று கொட்டாஞ்சேனைக்கு அயலேயுள்ள மருதானையில் உண்டு. கோட்ஜென் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் 2013இல் 'வேகா' என்னும் மின்சாரப் பந்தயக் காரை உருவாக்கத் தொடங்கினர். 2020இல் ஜெனீவாக் கண்காட்சிக்கு அதனைக் கொண்டுசெல்ல இருந்தனர். தொற்றுநோயாற் கண்காட்சி நின்றது. மின்மோட்டாருக்குப் பிஸ்டனும் இல்லை, வளையமும் இல்லை. எனவே அந்தப் பழக்க ஓட்டமும் வேண்டியதில்லை. பின்னர் அவர்களே மின்சார முச்சக்கர வண்டியையும் உருவாக்கினர். பந்தயக் காருக்குப் பயன்பட்ட மூளை ஏழையின் வண்டிக்கும் பயன்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அம்மூளை பஸ்ஸையும் எட்ட வேண்டும். குறை திறமையிலன்று, திசையிலே உள்ளது.

திசையை ஒருமுறை மாற்றிக் காட்டிய நாடு இது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. வெரஹெரவில் அதற்குப் பெருந் தொழிற்கூடம் அமைந்தது. அச்சபையில் ஊழலும் நட்டமும் இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் கண்ட மருந்து யாது? 1979இல் தனியாருக்கு வழி திறந்தார்கள், வண்டிகள் பெருகின, அவற்றோடு பயணிகளைப் பிடிக்கும் ஓட்டப்பந்தயமும் பெருகிற்று. நாளின் வசூலை நம்பி வாழும் சாரதி வண்டியை ஒரு நாள் கராஜில் நிறுத்தினால் அவன் வீட்டு அடுப்பு எரியாது. அவனையன்று, அவனை அந்நிலையில் வைத்த அமைப்பையே சாடுகிறேன்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உராய்வைப் பற்றிக் கரும்பலகையில் எழுதும் நாம், பாடசாலை வாயிலில் நிற்கும் பஸ்ஸின் பிறேக்கைப் பற்றி மௌனம் சாதித்தல் தகுமா? ஒவ்வொரு பஸ்ஸும் எந்நாளில், எங்கே, எவரால் சோதிக்கப்பட்டது, பிறேக்கும் ரயரும் எந்நிலையில் இருந்தன என்பதைத் தாய்மொழிகளில் எழுதிப் பயணிகள் காண ஒட்ட வேண்டும் என்று கோருவோம். சோதனைக்காக வண்டி நிற்கும் நாளிலும் சாரதிக்கும் நடத்துநருக்கும் ஊதியம் வேண்டும் என்று கோருவோம். இவற்றிலே எட்டாத கனி எதுவுமில்லை.

ஒரு செல்வனின் எஞ்சின் தேயாதிருக்க ஆயிரம் கிலோமீற்றர் பொறுமை காட்டத் தெரிந்த உலகம், ஒரு பஸ் நிறைந்த மக்கள் வீடு சேர ஒரு நாள் பரிசோதனைக்கு நேரமில்லை என்று சொல்லுமாயின், அச்சொல்லை நாம் ஏற்கலாகாது.