அடித்தால் நாய் வருமா?

ராஜபாளையம், சோழபுரம் பக்கத்து வெள்ளை நாயைத் தெரியாதவர் உண்டா? காட்டுப் பன்றியையே எதிர்த்து நின்ற சாதி. 2005-ல் தபால் தலையில்கூட அதன் படம் வந்தது.

அந்த நாயை ஆசையாக வாங்குகிறார்கள். பிறகு, "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்று தெருவில் விட்டு விடுகிறார்கள். இரக்கப்பட்டு எடுத்து வளர்ப்பவருக்கும் அதே தொல்லைதான். சங்கிலியை அவிழ்த்தால் ஓட்டம். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாது.

வேட்டைக்குச் சட்டம் தடை போட்டது. நாய்க்கு அது தெரியுமா? முயல் ஓடினால் துரத்தத்தான் செய்யும்.

பலர் செய்யும் தவறு என்ன தெரியுமா? ஒரு மணி நேரம் கழித்துத் தானாக வரும் நாயை, "எங்கேடா போனே?" என்று கம்பால் விளாசுகிறார்கள். ஓடியதற்காக அடி என்று அது நினைக்காது. வந்ததற்கு அடி என்றே நினைக்கும். அடுத்த முறை எப்படி வரும்?

இன்னொரு சங்கதி. இந்த வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடு. ஆகவே, முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

காது கேட்டால், முப்பது அடிக் கயிறு போதும். மார்பைச் சுற்றிய பட்டையில் கட்டுங்கள். ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் ஒரு துண்டு கறி. முதலில் வீட்டுக்குள், அப்புறம் முற்றத்தில், பிறகு தோப்பில். புது ஆட்களையும் மற்ற நாய்களையும் தூரத்தில் இருந்தே பார்த்துப் பழகட்டும். மாதக்கணக்கில் ஆகும்.

மேற்கே உள்ள மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே மானும் உண்டு, சிறுத்தையும் உண்டு. எவ்வளவு பழகிய நாயானாலும், அடிவாரத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.