சக்கரம் நழுவினா பசை மருந்தில்லை

1) இன்னிக்கு சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. ரிமோட் கன்ட்ரோல் லாரி பத்தி ஒரு இழை. "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. வேலை இருக்கு, கடைசி வரைக்கும் படிங்க.

2) பட்டனை அழுத்தினா மோட்டார் கத்துது, வண்டி நகரல. உடனே "மோட்டார் போச்சு, பேட்டரி போச்சு"ன்னு தீர்ப்பு எழுதி புதுசு வாங்குறோம். இல்லைன்னா சூப்பர் க்ளூவை எடுத்து சக்கரத்துல ஊத்துறோம். ரெண்டுமே நோயாளியைத் தொட்டுப் பார்க்காம எழுதுற மருந்துச்சீட்டு. இதுதான் என் கருத்து.

3) முதல்ல உடற்கூறு. ஹாபி ரக லாரிகளில் ஆக்சில் முனையில் குறுக்கே ஒரு சின்ன பின் இருக்கும். அதன் மேல் ஆறு பட்டை கொண்ட ஹெக்ஸ் ஹப் உட்காரும். பெரும்பாலும் 12 மி.மீ., பெரிய மான்ஸ்டர் டிரக்குகளில் 17 மி.மீ. அந்த ஹெக்ஸ் சக்கரத்தின் பின்பக்கக் குழியில் பொருந்தும். வெளியே ஒரு நைலான் லாக் நட்டு. இதில் எந்தப் பிடி விட்டாலும் ஆக்சில் சுத்தும், சக்கரம் நிற்கும்.

4) "ஒரு சக்கரம்தானே நழுவுது, மத்தது இழுக்க வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. சாதாரண டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் பிடியே இல்லைன்னா அடுத்த பக்கத்துக்கும் அதே சொற்ப விசைதான். சேற்றில் ஒரு டயர் மாட்டினா கார் மொத்தமா நின்னுடுதே, அதே கதை.

5) அதனால ஹப்பில் உள்ள கோளாறு மோட்டார் செத்த மாதிரி வேஷம் போடும். இடது தோள் வலின்னு வர்றவங்களுக்கு நாங்க ஏன் ஈசிஜி எடுக்கிறோம்? வலிக்கிற இடம் ஒண்ணு, நோய் இருக்கிற இடம் வேறொண்ணா இருக்கலாம்.

6) பரிசோதனைக்கு ஒரு மார்க்கர் போதும். பேட்டரியைக் கழற்றுங்க. ஆக்சில் நுனியிலிருந்து நட்டு வழியா சக்கரம் வரைக்கும் ஒரே நேர்கோடு போடுங்க. எல்லா சக்கரத்துக்கும். பிறகு பேட்டரி போட்டு, வண்டியைத் தரையில் வச்சு, லேசா பிடிச்சுக்கிட்டு, ஒரே ஒரு நொடி மெதுவா ஓட்டுங்க. விரலையும் தலைமுடியையும் டயர்கிட்ட கொண்டுபோகாதீங்க.

7) கோடு எந்தச் சக்கரத்தில் உடைஞ்சிருக்கோ, நோய் அங்கே. எல்லாக் கோடும் நேரா இருந்தா ஹப்பில் தப்பில்லை. மோட்டார் முனையில் இருக்கும் பினியன் கியரின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கா, ஸ்லிப்பர் கிளட்ச் நழுவுதான்னு பாருங்க.

8) இப்போ சிகிச்சை.
பின் காணோமா? சக்கரத்தைக் கழற்றும்போது அது சத்தமில்லாம விழுந்துடும். அதே தடிமன், அதே நீளத்தில் பின் வாங்கிப் போடுங்க. ஆணித் துண்டு வேண்டாம்.
பிளாஸ்டிக் ஹெக்ஸின் மூலைகள் உருண்டிருக்கா? புது ஹெக்ஸ். ஸ்க்ரூ வச்சு ஆக்சிலை இறுக்கிப் பிடிக்கிற அலுமினிய வகை நல்லது, பின்னும் விழாது.
சக்கரத்தின் குழியே தேய்ஞ்சிருக்கா? சக்கரத்தை மாத்துங்க. தேய்ஞ்ச குழியில் புது ஹெக்ஸ் போட்டாலும் நழுவும்.
நட்டு அடிக்கடி தளருதா? பலமுறை கழற்றி மாட்டினா நைலான் பிடி போயிடும். நட்டை மாத்துங்க. இறுக்கின பிறகு சக்கரம் தடையில்லாம சுத்தணும்.

9) உலோகத்துக்குள் உலோகமா போற ஸ்க்ரூவுக்கு, நீல நிற திரெட் லாக்கர் ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக் மேல் படவிடாதீங்க, சில வகை பிளாஸ்டிக்கில் விரிசல் விடும்.

10) இப்போ டாக்டர் வேலை. சூப்பர் க்ளூ காய்ஞ்சா கண்ணாடி மாதிரி, அடி தாங்காது. ரெண்டு குதியில் விட்டுடும். அதோட அடுத்த தடவை சக்கரத்தைக் கழற்றவும் முடியாது.

11) அதைவிட முக்கியம், அது குழந்தை கண்ணில் தெறிச்சா இமைகள் ஒட்டிக்கும். பிச்சு இழுக்காதீங்க. நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண்கிட்டயே கொண்டுபோகாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில் நல்லா கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்க. சிந்தின பசையைப் பழைய பனியனால் துடைக்காதீங்க. பருத்தியோடு அது சேர்ந்தா சூடு கிளம்பும், தோல் வெந்துபோகும் அளவுக்கும் ஆகலாம்.

12) கழற்றின பின், நட்டு எல்லாம் ஒரு கிண்ணத்துல இருக்கட்டும். வீட்டுல தவழுற குழந்தை இருந்தா கிண்ணம் உயரத்துல இருக்கட்டும்.

13) "போனா போகுது, வேற வாங்கிக்கலாம்"னு சொல்றது சுலபம். ஆனா பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிற பிள்ளை என்ன கத்துக்கும்? ஓடலைன்னா தூக்கிப் போடணும்னுதான். அந்தக் கோட்டை அவங்க கையாலேயே போடவிடுங்க. எங்கே உடைஞ்சதுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்.

14) காரணத்தைத் தேடு, அப்புறம் கை வை. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிக்கொடுத்தது இதைத்தான். உங்க பிள்ளைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.