கட்டம் சரியாக இருக்கிறதா?

முகத்துச் சுருக்கத்தைக் கம்ப்யூட்டரில் எடுப்பது சுலபம். கட்சி போஸ்டர்களே சாட்சி. துணிச் சுருக்கம்தான் படுத்தும். அதுவும் கட்டம் போட்ட துணி என்றால், கேட்கவே வேண்டாம்.

என் ஆபீஸ் நண்பரின் மனைவி, காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலை வரவழைத்து, செல்போனில் போட்டோ அனுப்பி விற்கிறார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கண்டாங்கி. போன மாதம் ஒரு சேலை திரும்பி வந்துவிட்டது. "போட்டோவுல கட்டம் ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு. வந்ததுல எல்லாம் ஒரே அளவு. இது வேற சேலை!" என்று புகார். நெய்தவர் ஒழுங்காக நெய்தது குற்றமாகிவிட்டது!

படத்தைப் பார்த்தேன்.

"யாரு டச்சப் பண்ணது?"

"மச்சினன். ஃப்ரீயாப் பண்ணிக் குடுத்தான்."

"தெரியுது."

சுருக்கத்தின் மேல் பக்கத்துத் துணியை 'க்ளோன்' செய்து ஒட்டியிருந்தார் மச்சினன். பிளெயின் துணியில் இது செல்லும். கட்டத்தில், கோடு மயிரிழை விலகினாலும் மானம் போய்விடும். ஒரு கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் மூலையில் மாதிரி எடுத்து, அதே போன்ற இன்னொரு மூலையில்தான் வைக்க வேண்டும்.

உண்மையில் ஒரு சுருக்கத்துக்குள் மூன்று சமாசாரம் இருக்கிறது. ஒன்று, நிழல். மடிப்பின் ஒரு பக்கம் வெளுக்கும், மறு பக்கம் கறுக்கும். சாம்பல் நிற லேயர் ஒன்றை 'சாஃப்ட் லைட்'டில் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கறுத்த இடத்தில் வெள்ளையும், வெளுத்த இடத்தில் கறுப்பும் தடவினால் நிழல் போகும். கட்டம் அப்படியே நிற்கும். நிழலையும் இழையையும் தனித்தனி லேயராகப் பிரிக்கும் வித்தை ஒன்றும் உண்டு. பொடிக் கட்டத்துக்கு அது அருமை. கட்டம் சுருக்கத்தளவு பெரிதாக இருந்தால் நிழலோடு சேலையின் கலரும் கலங்கிவிடும்.

இரண்டாவது, வளைந்த கோடு. நிழல் போன பிறகும் கோடு பாம்பாக நெளியும். 'வார்ப்' போட்டு இழுத்து நிமிர்த்தலாம். பொறுமை வேண்டும்.

மூன்றாவதுதான் வில்லங்கம். மடிப்புக்குள் ஒளிந்த துணி. அது கேமராவில் பதியவே இல்லை. பதியாததை எந்த போட்டோஷாப்பும் மீட்காது. 2023-ல் வந்த ஏ.ஐ. வசதி நொடியில் நிரப்பிக் கொடுக்கும். வாஸ்தவம்தான். ஆனால் அது நிரப்புவது, இப்படித்தான் இருக்கும் என்று அதுவாக வரைந்த கட்டம். தறியில் நெய்த கட்டம் அல்ல. கல்யாண ஆல்பத்தில் அது அலங்காரம்; காசு வாங்கி விற்கிற சேலையில் அது பொய்.

"அப்ப இதுக்கு என்னதான் சாஃப்ட்வேர்?" என்றார் நண்பர்.

"உங்க தெருமுனையில, தள்ளுவண்டியில இருக்கு. கரி போட்டு சூடு பண்ணுவாங்க."

தேய்த்து, விரித்து, பக்கவாட்டு வெயிலைத் தவிர்த்து எடுத்தால் பாதி வேலை மிச்சம். மீதி நிழலைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜாதகத்தோடு அனுப்ப போட்டோ எடுக்கக் கிளம்பும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பிளெயின் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். கட்டத்தைப் பார்க்க ஜாதகம் போதும்.